சிறுபடகுக்காரர் கண்காட்சிக்குப் போகும்போது

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் தலைநகரான அனாபொலிஸில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் பாய்மரப் படகுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடக்கிறது. 1970இல் தொடங்கியது இது. ஊருக்குள்ளேயே நீண்டு வரும் சிறிய துறைமுகத்தில் மிதவை மேடைகளை அமைத்து, விற்பனைக்கு வந்த படகுகளைத் தண்ணீரிலேயே வரிசையாகக் கட்டிவிடுவார்கள். கரையில் பாய் தைப்பவர்கள், கயிறு விற்பவர்கள், நங்கூரம் வார்ப்பவர்கள், காப்பீட்டு முகவர்கள் என்று பந்தல் பந்தலாக உட்கார்ந்திருப்பார்கள். 14 அடி முதல் 25 அடி வரை நீளமுள்ள படகை வீட்டு வாசலில் டிரெய்லரில் நிறுத்தி வைத்திருக்கும் ஒருவர் இதற்குள் நுழைந்தால், முதலில் அவர் கண்ணில் படுவது 40 அடி, 50 அடிப் படகுகளும் அகலமான கேட்டமரான்களும்தான். நாம் வர வேண்டிய இடம் இதில்லையோ என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. இந்த அத்தியாயம் அதற்கு எதிராக வாதிடுகிறது. புதிய படகு வாங்கும் எண்ணத்தோடு வருபவரைவிட, ஏற்கெனவே ஒரு சிறுபடகு வைத்திருப்பவருக்குத்தான் கண்காட்சியால் பயன் அதிகம். ஆனால் அவர் அங்கே பார்க்கும் ஒவ்வொன்றையும் தன் படகின் தேவையை வைத்து எடைபோட வேண்டும். தன் படகைப் பெரிய படகுகளின் பக்கத்தில் மனதுக்குள் நிறுத்தி ஏங்கத் தொடங்கினால், டிக்கெட் காசும் வீண், நாளும் வீண்.

பெரிய படகுகள் ஏன் முன்வரிசையில் நிற்கின்றன

கண்காட்சியில் இடம் பிடிப்பதற்குப் படகு விற்பவர் வாடகை கட்டுகிறார். படகைக் கொண்டுவர லாரிச் செலவு, அதைத் தண்ணீரில் இறக்கக் கிரேன் செலவு, விற்பனையாளர்களுக்குத் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். இத்தனையும் ஒன்றிரண்டு விற்பனையில் திரும்ப வேண்டுமானால் ஒரு படகில் கிடைக்கும் லாபம் பெரிதாக இருக்க வேண்டும். 16 அடிப் படகை விற்று அந்தச் செலவை ஈடுகட்டுவது கடினம். 45 அடிப் படகில் ஒன்று விற்றாலே போதும். ஆகவே, எந்தப் படகு முன்வரிசையில் நிற்கிறது என்பதை அந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. கடலில் எந்தப் படகு நல்லது, எத்தனை பேர் எந்த அளவுப் படகை ஓட்டுகிறார்கள் என்பதற்கும் அந்த வரிசைக்கும் சம்பந்தமில்லை. இதைப் புரிந்துகொண்டு உள்ளே போகிறவர் முன்வரிசையைக் கண்டு மனம் சுருங்க மாட்டார்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்றுகள் உண்டு. 1963 ஜனவரியில் லண்டன் படகுக் கண்காட்சியில் அறிமுகமான மிரர் டிங்கி 11 அடிக்கும் குறைவான ஒட்டுப்பலகைப் படகு. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் பிசின் பூசி, வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் வடிவமைத்தது. டெய்லி மிரர் பத்திரிகை பின்னால் நின்றது. 70,000க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாயின. 1971 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் புரூஸ் கிர்பி வடிவமைத்த லேசர் என்ற ஒற்றையாள் படகை 695 டாலர் விலையில் வைத்தார்கள். அந்த ஒரு கண்காட்சியில் மட்டும் 144 படகுகளுக்கு ஆர்டர் கிடைத்தது. இன்று ஐஎல்சிஏ என்ற பெயரில் ஓடும் அந்தப் படகு 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் போட்டியிட்டது இதே உடலில் சற்றுச் சிறிய பாய் பூட்டிய ஐஎல்சிஏ 6 படகில்தான். அக்காலத்துக் கண்காட்சியின் நாயகன் சிறுபடகு என்றே சொல்லலாம்.

பிறகு ஏன் அது ஓரத்துக்குப் போனது? அது தோற்றதால் அன்று. ஃபைபர் படகுகள் எளிதில் அழிவதில்லை என்பது ஒரு முக்கியமான காரணம். 1970ஐ ஒட்டி விற்பனைக்கு வந்த கேட்டலினா 22 என்ற படகு 15,000க்கு மேல் கட்டப்பட்டது. அவற்றில் ஏராளமானவை இன்னும் ஓடுகின்றன. நல்ல நிலையில் உள்ள பழைய சிறுபடகு, புதியதன் விலையில் சிறு பங்குக்கே கிடைக்கும்போது, புதுச் சிறுபடகை விற்பவர் தன் பழைய படகுகளோடேயே போட்டிபோட வேண்டியிருக்கிறது. இதிலிருந்து நமக்கு வேண்டிய முடிவு தானாகவே கிடைக்கிறது. சிறுபடகுக்காரருக்குப் பெரும்பாலும் புதுப் படகு தேவைப்படுவதில்லை. இருக்கும் படகை நன்றாக ஓட வைக்கும் பாயும் கயிறும் கப்பியும் அறிவும்தான் தேவை. அவை இருப்பது கரையோரப் பந்தல்களில். எனவே கண்காட்சி வரைபடத்தில் மேடைகளைவிடப் பந்தல்களுக்கே அவர் அதிக நேரத்தை ஒதுக்க வேண்டும்.

எதைத் தெரிந்துகொள்ள முடியும், எதை முடியாது

கண்காட்சியில் ஒரு படகு எப்படி ஓடும் என்பது தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. நான்கு பக்கமும் கட்டப்பட்டு, அலையில்லாத நீரில், துடைத்து மெருகேற்றி, மெத்தைமேல் பூச்சாடி வைத்து நிற்கும் படகு, எதிர்க்காற்றில் எவ்வளவு நெருக்கமாக ஏறும், திடீர்க் காற்றில் சுக்கான் பிடி கொடுக்குமா, பாயைச் சுருக்கிக் கட்டுவது எளிதா என்பது எதையும் காட்டாது. புதுப் படகு வாங்க வந்தவருக்கு இவைதான் முக்கியக் கேள்விகள்; அவற்றுக்குப் பதில் கண்காட்சிக்கு வெளியே, பின்னொரு நாளில், தண்ணீரில் ஓட்டிப் பார்த்தால்தான் கிடைக்கும். ஆக, வாங்க வந்தவர் பாதி விடையோடு திரும்புகிறார்.

கையும் கண்ணும் நேரே பட்டால் மட்டும் தெரியக்கூடிய செய்திகள் வேறு. நங்கூரத்தை ஒற்றைக் கையால் தூக்கி முன்புறம் எடுத்துப்போக முடியுமா, கயிற்றை ஈரக் கையால் இறுக்கிப் பிடிக்க வருமா, பாய்த்துணி மடித்து மூட்டையில் வைக்க ஏற்ற மென்மையோடு இருக்கிறதா, உயிர்காப்பு அங்கி தோளை இடிக்காமல் உட்காருகிறதா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. இவையெல்லாம் பெரிய படகைவிடச் சிறுபடகில் முக்கியம் என்பதைக் கவனியுங்கள். லேசர் படகின் உடல் எடை சுமார் 59 கிலோ. அதை ஓட்டுகிறவர் பெரும்பாலும் அதைவிடக் கனமானவர். அதாவது அந்தப் படகில் மிகப் பெரிய எடையும், மிக முக்கியமான இயந்திரமும், சமநிலையைக் காக்கும் பாரமும் ஓட்டுபவரின் உடம்புதான். உடம்போடு பொருந்தாத பொருள் 45 அடிப் படகில் ஒரு சிறு தொல்லை. 14 அடிப் படகில் அதுவே படகைக் கவிழ்க்கலாம். தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு சிறுபடகுக்காரருக்கு ஏன் கூடுதல் மதிப்புடையது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

புறப்படும் முன் படகை அளந்துகொள்ளுங்கள்

பழைய திருகைக் கையில் எடுத்துக்கொண்டு இரும்புக்கடைக்குப் போகிறவர் ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துத் திரும்புவார். வெறுங்கையோடு போகிறவர் மூன்று முறை அலைவார். கண்காட்சிக்கும் அதே விதிதான். போவதற்கு முந்தைய வாரம் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு படகருகே ஒரு மணிநேரம் செலவழியுங்கள். மொத்த நீளம், நீர்மட்ட நீளம், அகலம், நடுப்பலகை ஏறியிருக்கும்போதும் இறங்கியிருக்கும்போதும் உள்ள ஆழம் ஆகியவற்றைக் குறியுங்கள். பாய்க்கு, பாய்மரத்தை ஒட்டிய ஓரம், அடி ஓரம், பின் ஓரம் ஆகிய மூன்றின் நீளமும் வேண்டும். ஒவ்வொரு கயிற்றின் விட்டமும் நீளமும், கிளீட்டுகளின் திருகுத் துளைகளுக்கு இடையேயுள்ள தூரம், கப்பிச் சக்கரங்களின் விட்டம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் எழுதுங்கள். மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரத்தை மறக்க வேண்டாம்: அவுட்போர்டு மோட்டார்களில் 15 அங்குலத் தண்டு குட்டை, 20 அங்குலம் நெடியது, தவறான தண்டை வாங்கினால் விசிறி ஒன்று காற்றைக் கடையும், அல்லது வீணாக ஆழத்தில் இழுபடும். இவற்றோடு, தேய்ந்த பாகம் ஒவ்வொன்றையும் அருகே அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எளிதாகக் கழற்ற வருவதைக் கழற்றிப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

அளவுகளுக்கு அடுத்தது கேள்விகள். கடந்த பருவத்தில் உங்களை எரிச்சல்படுத்திய விஷயங்களை நினைத்துப் பார்த்து, அவற்றில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாய் சுருக்குவதற்கு முன்புறம் ஊர்ந்துபோக வேண்டியிருக்கிறதா? நங்கூரம் இழுபடுகிறதா? மாஸ்ட் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்படுகிறார்களா? மூன்று போதும் என்பதற்குக் காரணம் உண்டு. கண்காட்சி என்பது, உங்களுக்கு இல்லாத பிரச்சினைகளுக்குத் தீர்வு விற்கும் நூற்றுக்கணக்கான பேரின் நடுவே நடக்கும் காரியம். எழுதிவைத்த கேள்வி கையில் இல்லாதவருக்கு அடுத்த பந்தல்காரரே ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுவார், பதிலோடும் விலைச்சீட்டோடும். வாரநாளில், கதவு திறந்த முதல் இரண்டு மணிநேரத்தில் இந்த மூன்றையும் முடித்துவிடுவது நல்லது. அப்போதுதான் பந்தலில் இருப்பவருக்குப் பேச நேரமிருக்கும். பல வேளைகளில் அந்தப் பொருளை வடிவமைத்தவரே அங்கே நிற்பார். சனி, ஞாயிறு கூட்டத்தில் துண்டறிக்கை கிடைக்கும், விளக்கம் கிடைக்காது.

பெரிய படகில் ஏறிப் பார்ப்பது

பெரிய படகுகளைப் பார்க்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஏறிப் பாருங்கள், ஏறும்போது காலணியைக் கழற்றச் சொல்வார்கள் என்பதால் சட்டென்று கழற்றி மாட்டக்கூடியதைப் போட்டுப் போங்கள். ஆனால் அறைக்குள் இறங்கிச் சமையலறையையும் கட்டிலையும் பார்த்து நேரம் கழிப்பதைவிட, மேல்தளத்திலேயே நின்று கயிறுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பாய் சுருக்கும் கயிற்றை ஓட்டுபவரின் கைக்கெட்டும் தூரத்துக்கு எப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள், இறக்கிய பாய் சரிந்து விழாமல் இரு பக்கமும் மெல்லிய கயிறுகளால் எப்படித் தாங்கியிருக்கிறார்கள், தண்ணீரில் விழுந்தவர் ஏறிவர ஏணியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பவை எந்த அளவுப் படகுக்கும் பொருந்தும் யோசனைகள். இவற்றைச் சில கப்பிகளையும் சில மீட்டர் கயிற்றையும் கொண்டு 18 அடிப் படகில் செய்துகொள்ளலாம்.

எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் கணக்கே சொல்லிவிடும். வடிவம் மாறாமல் ஒரு படகின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் பாய்ப்பரப்பு 4 மடங்காகும், எடை 8 மடங்காகும். காற்று படகைச் சாய்க்கும் திருப்புவிசை 8 மடங்காகக் கூடும்போது, சாய்ந்த படகை நிமிர்த்தும் திருப்புவிசை 16 மடங்காகக் கூடுகிறது. அதாவது பெரிய படகு தன் அளவினாலேயே உறுதி பெறுகிறது. சிறிய படகுக்கு அந்தச் சலுகை இல்லை. 40 அடிப் படகின் மாஸ்ட் உச்சியில் ஐந்து கிலோ ரேடார் இருந்தால் யாருக்கும் தெரியாது. 16 அடிப் படகின் உச்சியில் ஐந்து கிலோ ஏற்றினால் படகின் குணமே மாறிவிடும். மின்சார வின்ச், மாஸ்டுக்குள் சுருளும் பாய், கனமான மின்கல அடுக்கு என்று முன்வரிசையில் மின்னும் வசதிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் தோற்றுப்போகும். இழுவிசைக்கும் இதே வாதம் பொருந்தும். பெரிய படகில் கயிறு அறுந்துவிடுமோ என்பது கவலை. அதனால் நீட்சி குறைந்த, மெல்லிய, விலையுயர்ந்த டைனீமா கயிறு அங்கே நியாயம். சிறுபடகில் இழுவிசை குறைவு, கயிறு பெரும்பாலும் அறுவதில்லை. அங்கே கவலை கைப்பிடிதான். கை வலிக்காமல் பிடிக்க வரும் எட்டு மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு பல இடங்களில் அதைவிட நல்ல தேர்வு. வழுக்கும் டைனீமாவில் சாதாரண முடிச்சு நழுவும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

பந்தல்களில் கேட்க வேண்டியவை

எந்தப் பந்தலில் எந்த எண்ணைச் சொன்னாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த நிலைமையில் அளந்தது? நங்கூரம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அனாபொலிஸ் அமைந்துள்ள செசபீக் விரிகுடாவின் சராசரி ஆழம் சுமார் ஆறரை மீட்டர்தான்; அடியில் பல இடங்களில் மென்மையான சேறு. ஃபோர்ட்ரெஸ் நிறுவனம் 2014இல் மேரிலாந்தின் சாலமன்ஸ் அருகே இதே விரிகுடாச் சேற்றில் பல நங்கூரங்களை இழுத்துச் சோதித்தது. படகு இதழாளர்களையும் அழைத்திருந்தது. அதன் எடை குறைந்த அலுமினிய நங்கூரம் நன்றாகப் பிடித்தது. நங்கூரக் கோணத்தை 32 பாகையிலிருந்து 45 பாகைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் சேற்றில் அதற்கு உதவும் அம்சம். இந்தச் சோதனை பயனற்றது என்று சொல்ல முடியாது. சேற்றில் நங்கூரமிடுபவருக்கு மிகவும் பயனுள்ளது. ஆனால் சோதித்தவரே விற்பவர். சோதித்த தரை ஒரே வகை. காற்றோ நீரோட்டமோ திசை மாறும்போது நங்கூரம் புரண்டு மீண்டும் பிடிக்குமா என்பது நேர்க்கோட்டில் இழுக்கும் சோதனையின் எல்லைக்குள் வராது. பாறையும் புல்லும் உள்ள இடத்தில் படகு ஓட்டுபவர் அதே எண்ணைத் தன் படகுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

மின்சார அவுட்போர்டு மோட்டார்களுக்கும் இதே சோதனையை வையுங்கள். 1 குதிரைத்திறன் என்பது 746 வாட். எனவே 1 கிலோவாட் மோட்டார் கணக்குப்படி ஒன்றேகால் குதிரைத்திறனுக்குச் சற்றே மேல். அதை 3 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டாருக்கு நிகர் என்று விளம்பரப்படுத்துவது விசிறியின் உந்துவிசையை வைத்துத்தான். மெதுவான கனத்த படகைத் தள்ளுவதில் அது ஓரளவு நியாயமான ஒப்பீடு. ஆனால் 1 கிலோவாட்-மணி மின்கலத்தோடு முழுவேகத்தில் போனால் ஒரு மணிநேரத்தில் தீர்ந்துவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒன்றாகக் குறைவதால், தூரம் நான்கு மடங்கு வரை கூடும். பலகையில் பெரிய எழுத்தில் உள்ள தூரம் எந்த வேகத்துக்கானது என்று கேட்டால் விஷயம் வெளிச்சமாகிவிடும். பெரிய மோட்டாரை வாங்கச் சொல்பவரிடமும் ஒரு கணக்கு கைவசம் இருக்கட்டும். நீரைப் பிளந்து செல்லும் உடலுக்கு, நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நடைமுறை வேக எல்லை நாட் அலகில் கிடைக்கும். 16 அடி நீர்மட்ட நீளமுள்ள படகுக்கு அது 5.4 நாட் அளவை ஒட்டி வரும். அதற்கு மேல் குதிரைத்திறனைக் கூட்டினால் எரிபொருள்தான் கூடும்.

பாய் தைப்பவரிடம் அளவுகளைக் கொடுத்துவிட்டு, படகை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். டிரெய்லரில் ஏற்றி இறக்கி, பாயை மடித்து மூட்டையில் திணித்துக் கொண்டுபோகிறவருக்கு நெய்த பாலியெஸ்டர் துணிதான் ஏற்றது. அடுக்கு ஒட்டிய லேமினேட் துணி வடிவத்தைக் காக்கும், ஆனால் மடிப்பையும் கசங்கலையும் தாங்காது. பந்தயத்தில் கலந்துகொள்பவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்தப் பாய் அந்த வகைப் படகின் சங்க விதிக்கு உட்பட்டதா? ஐஎல்சிஏ போன்ற வகைகளில் அங்கீகாரம் பெற்றவர் செய்த பாய் மட்டுமே செல்லும். மலிவாகக் கிடைத்த பாய் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு உதவும், பந்தயத்துக்கு உதவாது.

பாதுகாப்புப் பொருள்களில் அங்கியைப் போட்டுப் பார்க்காமல் நகர வேண்டாம். 50 நியூட்டன் அங்கி நீந்தத் தெரிந்தவர் அசைந்து வேலைசெய்ய உதவும். 150 நியூட்டன் அங்கி நினைவிழந்தவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பும் நோக்கில் செய்தது. அடிக்கடி கவிழும் டிங்கியில், தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் அங்கி ஒவ்வொரு முறையும் வெடித்துத் திறந்து பயனற்றுப் போகும். அமெரிக்காவில் அத்தகைய அங்கிகளில் பெரும்பாலானவை 16 வயதுக்கு மேற்பட்டோருக்கே அங்கீகாரம் பெற்றவை என்பதால் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர் சீட்டைப் படிக்க வேண்டும். புதுச் சிறுபடகையே பார்க்கிறீர்கள் என்றால், அது நீர் நிறைந்தாலும் மிதக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். அமெரிக்கச் சட்டம் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளுக்குச் சுமை அளவுப் பலகையையும் மிதப்புத் தரத்தையும் விதிக்கிறது; பாய்மரப் படகுகளுக்கு விலக்கு உண்டு. ஐரோப்பாவில் விற்கும் படகில் ஏ முதல் டி வரை ஒரு வகைப்பாடு பொறித்திருக்கும். சி என்றால் காற்று 6ஆம் வலிமை வரை, அலை 2 மீட்டர் வரை. டி என்றால் காற்று 4ஆம் வலிமை, அலை 0.3 மீட்டர். அந்த ஒற்றை எழுத்து, விற்பனையாளரின் அரைமணிநேரப் பேச்சைவிட உறுதியான தகவல்.

கண்காட்சி விலை

கண்காட்சித் தள்ளுபடி உண்மைதானா என்பது அடிக்கடி எழும் சந்தேகம். கயிறு, கப்பி, அங்கி போன்ற கைக்குள் அடங்கும் பொருள்களில் பெரும்பாலும் உண்மைதான். திருப்பி எடுத்துப் போக விரும்பாத வியாபாரி கடைசி நாளில் இன்னும் இறங்கி வரவும் கூடும். புறப்படும் முன் அவற்றின் வழக்கமான விலையைக் குறித்துவைத்திருந்தால் ஏமாற வழியில்லை. அளந்து தைக்க வேண்டிய பாய்க்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொண்டு, அந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். படகுக்கு வந்தால், பலகையில் உள்ள விலை படகு நீரில் ஓடும் விலையாக இருப்பது அரிது. தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் செலவு, மாஸ்ட் நிறுத்தி ரிக்கிங் கட்டித் தயார்செய்யும் கூலி, மோட்டார், டிரெய்லர், நங்கூரம், அங்கிகள், வரி ஆகியவை தனி. மேரிலாந்தில் வரி மட்டும் விலையில் 5%. இவ்வளவையும் கூட்டிய ஒரே எண்ணை எழுதித் தரக் கேளுங்கள். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஓட்டிப் பார்த்துத் திருப்தி இல்லையெனில் பணம் முழுவதும் திரும்பும் என்ற வரி ரசீதிலேயே இருக்க வேண்டும். அந்த வரியை எழுத மறுப்பவரிடம் அன்றைக்குக் கையெழுத்துப் போடத் தேவையில்லை.

போகாமலே இருந்தால் என்ன?

எல்லாமே இணையத்தில் கிடைக்கிறது, அதுவும் மலிவாக, பிறகு ஏன் இத்தனை செலவு செய்து போக வேண்டும் என்று கேட்பவரின் வாதம் வலுவானது. டிக்கெட், பெட்ரோல், விடுதி எல்லாம் சேர்த்தால் தள்ளுபடியில் மிச்சமானது கரைந்துவிடும் என்பதும் சரியே. தள்ளுபடிக்காக மட்டும் போவது புத்திசாலித்தனம் ஆகாது. ஆனால் இணையக் கடையில் தவறான அளவுக் கப்பி வந்தால் திருப்பி அனுப்பலாம். உடம்புக்குப் பொருந்தாத அங்கி பருவம் முழுவதும் அறையிலேயே தொங்கினால் அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வராது. போட்டியாளர்களின் நான்கு நங்கூரங்களை ஒரே பிற்பகலில் கையால் தூக்கிப் பார்த்து, நால்வரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, நான்கு பதில்களை ஒப்பிடுவது வேறெங்கும் நடக்காது. இணையம் விலையைச் சொல்லும். பொருத்தத்தைக் கையால்தான் அறிய முடியும். தேவை ஒன்றோ இரண்டோதான், அதுவும் ஏற்கெனவே தெரிந்த பொருள் என்றால், தாராளமாக வீட்டிலிருந்தே வாங்குங்கள். அந்த ஆண்டு கண்காட்சியைத் தள்ளிவைப்பதில் நட்டமில்லை.

பெரிய படகுகளைப் பார்த்துவிட்டு வந்தால் தன் படகு பிடிக்காமல் போய்விடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. அந்த அச்சத்துக்கு மருந்து எண்களே. ஆழமான கீல் உள்ள 45 அடிப் படகு செசபீக்கின் எத்தனையோ ஓடைகளுக்குள் நுழைய முடியாது. நடுப்பலகையைத் தூக்கிவிட்டு முழங்கால் ஆழத்தில் கரைசேரும் 16 அடிப் படகு நுழையும். அதற்கு ஆண்டு முழுவதும் துறைமுக வாடகை வேண்டியதில்லை. ஆட்களைத் தேடிக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இப்படிக் கணக்குப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்குப் பெரிய படகு ஏக்கத்தைத் தராது.

எல்லாக் கண்காட்சியும் எல்லோருக்கும் ஏற்றதில்லை என்ற வாதத்தை அப்படியே ஏற்கலாம். டிங்கி மட்டும் ஓட்டுகிறவருக்கு அனாபொலிஸைவிட இங்கிலாந்தின் டிங்கி கண்காட்சி பொருத்தமானது. லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் நெடுங்காலம் நடந்து பின்னர் ஃபார்ன்பரோவுக்கு இடம் மாறிய அந்தக் கண்காட்சியில், படகு வகைச் சங்கங்களே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். மரப்படகைத் தானே கட்டிப் பழுதுபார்ப்பவருக்கு, 1977 முதல் வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்செண்டில் செப்டம்பரில் நடக்கும் மரப்படகு விழா. ஜனவரிக் குளிரில் ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் அரங்குகளுக்குள் நடக்கும் கண்காட்சி, பொருள்களை ஒரே கூரையின்கீழ் ஒப்பிட விரும்புபவருக்கு. எதற்குப் போவது என்பதையும் உங்கள் மூன்று கேள்விகளே முடிவுசெய்யட்டும்.

திரும்பி வந்த இரண்டு நாளுக்குள் நோட்டைத் திறந்து, ஒவ்வொரு கேள்விக்கும் கிடைத்த விடையை ஒரு வரியில் எழுதுங்கள். வாங்கியது, மதிப்பீடு வாங்கியது, வேண்டாம் என்று முடிவுசெய்தது என்று மூன்றாகப் பிரியுங்கள். வேண்டாம் என்ற பட்டியல்தான் நீளமாக இருக்க வேண்டும்; அதற்காக வருந்த வேண்டாம். ஒரு கேள்விக்காவது தெளிவான விடை கிடைத்திருந்தால் அந்தப் பயணம் பலன் தந்தது என்று பொருள். மூன்று கேள்விகள் இல்லாத ஆண்டில் வீட்டிலிருங்கள், அந்தப் பணத்துக்குப் புதுக் கயிறு வாங்குங்கள், காற்று நன்றாக அடிக்கும் நாளில் படகை எடுத்துக்கொண்டு போங்கள்.